அக்கா வீட்டு வாசலில் நிற்கும் வண்டி

மார்ச் 3, செவ்வாய்
பல் செட் செய்யும் எங்கள் லேபின் வெளியூர்க் கிளையில் மூன்று வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியாயிற்று. இன்று என் பழைய பைக்கின் போர்வையை எடுத்தேன். என்னைப் போல் ஒரு வண்டியைப் பத்திரமாக மூடிவைத்தவர் யாரும் இருக்க முடியாது. சைலன்சர் வாய்க்குக்கூடத் துணி அடைத்திருந்தேன். நாற்பது உதை உதைத்தேன். முக்கியது, முனகியது, அவ்வளவுதான். கால் வீங்கிவிட்டது.

மார்ச் 4, புதன்
பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகக் கெட்டிப்பட்டிருந்தது. லீவு போட்டுவிட்டு, பல் செதுக்கும் ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குடைந்தேன். டியூப் மாற்ற வந்த மெக்கானிக், "சொத்தைப் பல்லைக் குடையிற மாதிரியே குடைஞ்சிருக்கீங்களே மேடம்!" என்றார். புதுப் பெட்ரோல் ஊற்றினோம். ஏழாவது உதையில் பிடித்துக்கொண்டது! தெருவே புகை.

மார்ச் 5, வியாழன்
லேபுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. எங்கே? அக்கா வீட்டு வாசலில். ஊரில் வேறு வாசலே கிடைக்கவில்லையா இதற்கு?

மூன்று வருடத்துக்கு முன், அவள் புதுவீட்டு டைல்ஸில் என் வண்டி எண்ணெய் ஒழுகியது. அத்தனை பேர் முன்னால், "இந்த ஓட்டை வண்டிய இனிமே என் வாசலுக்குக் கொண்டு வராத" என்றாள். இதே வண்டியை ஒரு காலத்தில் ஓட்டியவள்தான் அவளும்! "வண்டி வராத வாசலுக்கு நானும் வரமாட்டேன்" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

இன்று அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் இன்ஜினையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் கழித்துத்தான் கிளம்பியது. மானம் கப்பலேறியது.

மார்ச் 6, வெள்ளி
அதே இடம். டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்துவிடும் டேப்பில் குப்பை என்றார் மெக்கானிக். கழற்றிக் கழுவினோம்.

மார்ச் 7, சனி
அதே இடம். அக்கா இன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 9, திங்கள்
தாண்டிவிடலாம் என்று முறுக்கினேன். இரண்டு வீடு முன்னாலேயே நின்று தொலைத்தது. அவள் வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

"அதுல பெட்ரோல் இருக்கா இல்லையா?" – மூன்று வருடத்தில் அவளுடைய முதல் பேச்சு.

"இருக்கு."

நம்பவில்லை. எப்போது என்னை நம்பியிருக்கிறாள்? வெளியே வந்து, சாவியைப் பிடுங்கி டேங்க் மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, ரோஸ் கலர்ல? உன் பல்லு மெழுகுதானே?"

ஐயோ. ஆமாம். பூச்சி போகக் கூடாது என்று மூடியின் காற்றுத் துளையை நான்தான் மெழுகு வைத்து அடைத்தேன். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? அக்கா கொண்டை ஊசியால் அதை நோண்டி எடுத்தாள். "இத்தனை நாளா இதுக்கா இந்தப் பாடு?" சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். வா என்று சொல்லவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. இனி அங்கே நிற்க ஒரு காரணமும் கிடையாது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு ஏன் அழுகையா வருது?

மார்ச் 10, செவ்வாய்
நிற்காமல் ஓடியது. சனியன். நாற்காலியில் இருந்தவள் எழுந்தாள் – அதற்குள் தாண்டிவிட்டேன்.

மார்ச் 11, புதன்
அக்கா தெருவுக்கு முன்னால் இருக்கும் பாலத்தைக் கடந்ததும் இடது கையால் பெட்ரோல் டேப்பை மூடினேன். கார்புரேட்டரில் மிச்சமிருந்தது சரியாக அவள் வாசல்வரை வந்தது. இறங்கி, இன்ஜினை உற்றுப் பார்த்தேன்.

அக்கா வந்தாள். மூடியைத் தொடவே இல்லை. நேராகக் குனிந்து டேப்பைத் திறந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டிய உள்ள ஏத்து. டைல்ஸ் போனாப் போகுது."

ஏற்றினேன். அப்படிச் சொன்னவள்தான், ஓடிப்போய் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து வந்து இன்ஜினுக்கு அடியில் விரித்தாள்.