ஐந்து ஸ்டட்டும் இரண்டு கோட் பெயிண்டும்

14 ஜூன், ஞாயிறு

காலை மழை. ஏழு மணிக்கு விட்டது. கூலாயிலிருந்து புறப்பாடு, டிரெய்லரில் படகு. வண்டியில் மூன்று பேர்: நான், அக்கா வீட்டுக்காரர் (மாமா), அவருடைய பள்ளிக்கூட நண்பர் ஆ செங். ஆ செங் டயர் கடைக்காரர், சீனர்; தமிழர்களோடு எஸ்டேட்டில் வளர்ந்தவர், எங்களை விட நன்றாகத் தமிழ் பேசுவார். மாமாவுக்கு சிங்கப்பூரில் வேலை, தினமும் போய் வருவார், ஞாயிறு மட்டும் லீவு. அந்த ஒரு நாளும் கெலாங் பாத்தா கடலில்தான்.

செனாய் தாண்டியதும் பின்னால் டக் டக். இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் இடது சக்கரம் சாய்ந்து நிற்கிறது. சக்கரத்தைப் பிடிக்கிற ஐந்து ஸ்டட் போல்ட்டில் இரண்டு முறிந்து போயிருக்கின்றன. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் சக்கரம் ஒரு பக்கம், படகு ஒரு பக்கம்.

போன மாதம் புது டயர் போட்டு, சக்கரம் மாட்டியது ஆ செங். கேட்டேன். "அண்ணே, ஏர் கன் வச்சு ஓவரா முறுக்கிட்டீங்க. ஸ்டட் இழுபட்டு ஒடஞ்சிருச்சு."

"தம்பி, அன்னைக்கு நான் ஒன்னு சொன்னேன் இல்ல..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. டார்க், அதாவது முறுக்கு விசை, என்றால் என்ன என்று நடுரோட்டில் பாடம் எடுத்தேன். மாமாவும் என் பக்கம். "பதினெட்டு வருசமா டயர் மாட்டுற, இது தெரியாதா உனக்கு?"

ஆ செங் தூண்டில் பையை எடுத்துக்கொண்டார். யாருக்கோ போன் செய்தார், வேன் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இழுவை லாரி வந்து டிரெய்லரை வீட்டில் இறக்கியபோது மணி பன்னிரண்டு. நல்ல வெயில். கடலுக்கு ஏற்ற நாள்.

15, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் ஜாக்கி. சக்கரத்தைக் கழற்றினேன். மீதி மூன்று நட்டில் ஒன்று விரலாலேயே சுழன்று வந்தது. விசித்திரம். யோசிக்க நேரமில்லை, கொசு. அளவுக்கு முறிந்த ஸ்டட் ஒன்றை மட்டும் தட்டி எடுத்து வைத்தேன்.

வாங்க வேண்டியவை:
- ஸ்டட் 5 (முறிந்த இரண்டை மட்டும் மாற்றுவது முட்டாள்தனம், மற்றவையும் அடி வாங்கியவை)
- நட்டு 5
- ஆயில் சீல் 1, கிரீஸ்
- அக்காவுக்கு கறிவேப்பிலை

சாப்பிடும்போது மாமா: "இனி அவன படகுல ஏத்தல. முடிஞ்சது."

அக்கா: "அவரு இல்லாம நீங்க ரெண்டு பேரும் மீன எங்க தேடுவீங்க? பசார்லயா?"

மாமாவும் ஆ செங்கும் சின்ன வயதிலிருந்து பழகியவர்கள். படகு வாங்கின நாளிலிருந்து முன் பலகை ஆ செங்கின் இடம்.

16, செவ்வாய்

மேகமூட்டமான வானம். உதிரிபாகக் கடையில் முதல் கேள்வி: "பழசு கொண்டு வந்தீங்களா?" நான் விடுவேனா, கையில் வைத்திருந்தேன். திருகு மரை ஒன்றாக இருந்தாலும் ஸ்டட்டின் கழுத்தில் இருக்கும் பல்லின் அளவு மாறினால் ஹப்பில், அதாவது சக்கரக் குடத்தில், லொடலொடக்கும். காலிப்பர் வைத்து அளந்தே வாங்கினேன்.

மதியம், நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் முறிந்த துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆ செங்குக்குக் காட்ட ஒரு படம் எடுக்கலாம் என்றுதான்.

ஓவராக முறுக்கி முறிந்திருந்தால் கழுத்து இழுபட்டு மெலிந்திருக்கும். மெலியவில்லை. முறிந்த முகத்தில் கோடு கோடாக, அலை வந்து வந்து போன மணல் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக, பல நாளாக விரிந்த விரிசல். அதாவது நட்டு தளர்ந்து, சக்கரம் ஆடி ஆடி முறிந்தது. இறுக்கம் அதிகமில்லை. குறைவு.

ஏன் தளர்ந்தது?

வீட்டுக்கு வந்து ஹப்பின் முகத்தைச் சுரண்டினேன். நீலப் பெயிண்ட், கனமான இரண்டு கோட். ரிம்மின் உட்புறத்திலும் அதே. உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று டயர் போடுவதற்கு முந்தின நாள் நான் அடித்தது. இரும்பும் இரும்பும் முட்ட வேண்டிய இடத்தில் நடுவே பெயிண்ட். ஓட ஓட அது நசுங்கி உதிர்ந்தது, நட்டின் பிடி போனது.

ஆ செங் டயர் மாட்டிய அன்று சொன்னதும் இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது. "அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் கொண்டு வா தம்பி, மறுபடி முறுக்கணும்."

கொண்டு போகவில்லை.

கறிவேப்பிலை மறந்துவிட்டேன். அக்காவிடம் திட்டு.

17, புதன்

மீதி நான்கு பழைய ஸ்டட்டையும் சுத்தியலால் பின்பக்கம் தட்டி எடுத்தேன். புதியதை வாஷர் அடுக்கி, நட்டு போட்டு, மெதுவாக இழுத்து உட்கார வைத்தேன். பல் ஹப்பைக் கடித்துக்கொண்டு நேராக இறங்குகிற அந்தக் கிர்ர்... நல்ல சத்தம். பேரிங் சுத்தம், புது கிரீஸ், புது சீல். கம்பி பிரஷ் போட்டு ஹப், ரிம் இரண்டும் வெள்ளை இரும்பு தெரியும்வரை. வலது பக்கமும் அதே பெயிண்ட்தானே, அதையும் சுரண்டினேன். இரண்டு மணி நேரம் எதையும் நினைக்கவில்லை.

மாமா வந்ததும் சொல்லிவிட்டேன். துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அப்ப அவன் மேல தப்பில்ல?"

"இல்ல மாமா. என் மேல."

"அலமாக், போச்சே மச்சான்." துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு: "நான் வேற பதினெட்டு வருசம்னு பேசிட்டேன்." அப்புறம்: "நீ மொதல்ல போ. நான் பின்னால போறேன்."

18, வியாழன்

லேசான தூறல். டயர் கடை. ஒரு லாரிக்கு அடியில் ஆ செங்கின் கால்கள் மட்டும் தெரிந்தன. வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நாற்காலியில். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

"என்ன? கேக்கல. கம்ப்ரசர் சத்தம்."

வெளியே வந்தார். கம்ப்ரசரை நிறுத்தினார். "இப்ப சொல்லு."

கடை முழுக்க அமைதி. திரும்பவும் சொன்னேன். பெயிண்ட் நான் அடித்தது, தப்பு என்னுடையது, ரோட்டில் பேசியது அதைவிடத் தப்பு.

"நான் அன்னைக்கு என்ன சொன்னேன்?"

"அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் மறுபடி முறுக்கணும்னு."

"நீ என்ன சொன்ன?"

"...டிப்ளோமா இருக்கு, எனக்குத் தெரியும்னு."

நாற்காலிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஆ செங் சிரிக்கவில்லை. முறிந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். "பெயிண்ட பாத்தும் நான் மாட்டுனேன். திருப்பி அனுப்பிருக்கணும். அது என் தப்பு. மத்ததெல்லாம் உன்னோடது." துண்டைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். "போய் தே ஓ ஐஸ் வாங்கிட்டு வா. சீனி கொறைச்சு லா."

பாலில்லாத ஐஸ் டீயை வாங்கிக் கொடுத்தேன்; ஞாயிறு வருவீர்களா என்று கேட்காமலே திரும்பினேன். மாமா மாலையில் போனார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. விசில் அடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

21, ஞாயிறு

வானம் சுத்தம். காற்று இல்லை. ஆறரைக்கு கேட்டில் ஆ செங்கின் மோட்டார் சைக்கிள், தோளில் தூண்டில் பை. என்னைப் பார்க்காமல் நேராக டிரெய்லரிடம் போய், குனிந்து, சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்தார்.

"எங்க நீலம்?"

"சுரண்டிட்டேன் அண்ணே."

"ம்."

கெலாங் பாத்தாவுக்குக் கொஞ்சம் முன்னால் நானே நிறுத்தினேன். ஐம்பது கிலோமீட்டர் ஆகவில்லை, பரவாயில்லை. டார்க் ரெஞ்ச். இடது ஐந்து, வலது ஐந்து. ஒவ்வொன்றிலும் க்ளிக். எதுவும் அசையவில்லை. மாமா வண்டியின் டிரங்கில் சாய்ந்து நாசி லெமாக் சாப்பிட்டார். ஆ செங் என் தலைக்கு மேல் நின்று உரக்க எண்ணினார், ஒன்று விடாமல்.

எட்டு மணிக்குப் படகு தண்ணீரில். முன் பலகையில் ஆ செங். பதினொன்று வரை ஒரு மீனும் கடிக்கவில்லை.

"தம்பி," என்றார், தூண்டிலிலிருந்து கண் எடுக்காமல், "இதுக்கும் நான்தானா?"