ரேஷன் கார்டில் வெட்டாத பெயர்

மாதா துணை

கடற்படை முகாம்
9.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் ஆன்றோ எழுதுவது. நான் நலம். அஜ்மானில் நீங்களும் நலம்தானே? கிளினிக்கில் டூட்டி மாற்றிக் கொடுத்தார்களா?

மாதம் ஒரு கடிதம் எழுதலாம். போவதையும் வருவதையும் இங்கே படித்துப் பார்ப்பார்கள். படித்து அரபியில் சொல்கிறவர் காதர் மைதீன் என்ற தமிழர்.

அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று சவுதியில் தம்மாமிலிருந்து அவர் இல்லாமல் மீன்பிடிக்கப் போனேன். எஞ்சின் நின்று, படகு எல்லை தாண்டி இந்த நாட்டுக் கடலுக்குள் வந்துவிட்டது. கடற்படை பிடித்தது. முதல் நான்கு நாள் கண்ணைக் கட்டியிருந்தார்கள். கையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார்கள். அரபித் தாளில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. ராணுவ நீதிமன்றத்தில் வழக்காம். எல்லாம் அவர் சொன்னபடியே இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

இங்கே லைட்டை அணைப்பதில்லை. சாப்பாட்டுக்குப் பருப்பு.

இப்படிக்கு,
ஆன்றோ

அஜ்மான்
6.3.2025

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. பெயர் எழுதாமல் விட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பருப்பைக் கண்டால் எழுந்து ஓடுகிறவன், இப்போது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். வயிறு நிறைகிறதா? கையில் பட்டை கட்டிய இடம் வீங்கியிருக்கிறதா? விரல் மரத்துப்போனால் எழுது, இங்கே கிளினிக் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். உன் அப்பா தினமும் போன் செய்கிறார். பொறுமையாக இரு என்கிறார்.

அம்மா,
தங்கபுஷ்பம்

கடற்படை முகாம்
11.4.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வீக்கம் வற்றிவிட்டது. சுண்டுவிரலில் மட்டும் உணர்ச்சி இல்லை. பழகிவிட்டது.

நீதிமன்றம் நடந்தது. நான்கு நிமிடம் இருக்கும். நீதிபதியும் யூனிபார்ம்தான். வக்கீல் இல்லை. ஜூன் மாதம் தீர்ப்பு சொல்லிப் பெரிய சிறைக்கு மாற்றுவார்களாம். என் அறையில் ஒன்பது பேர். எல்லோருக்கும் தாடி இருக்கிறது. ஒருவர் என் போர்வையை எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

பதினெட்டு ஆகாதவர்களுக்குச் சிறுவர் இல்லமாம், வக்கீல் உண்டாம், அம்மாவிடம் போனில் பேசலாமாம். காதர் மைதீன் அண்ணன் சொன்னார். எனக்கு எதற்காகச் சொன்னார் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஆன்றோ

அஜ்மான்
4.5.2025

அன்புள்ள ஜெனினுக்கு,

உன் பெயரை எழுதிவிட்டேன். காதர் மைதீன் ஐயா படிக்கட்டும். இது அவருக்கும்தான்.

ஐயா, ஆன்றோ என் மூத்த பிள்ளை. 2003இல், பதினோரு மாதத்தில், காய்ச்சலில் இறந்துவிட்டான். உங்களிடம் இருப்பவன் இளையவன் ஜெனின். 2008 அக்டோபரில் பிறந்தவன். பதினாறு வயது.

மகனே, ஆன்றோவைக் கோயில் கல்லறையில் வைத்தோம். ஆனால் பஞ்சாயத்தில் மரணத்தைப் பதிய நான் விடவில்லை. ரேஷன் கார்டில் பெயரை வெட்டவும் விடவில்லை. கார்டில் நான்கு பெயர் இருக்கும், எடுத்து எடுத்துப் பார்ப்பேன். விசாவுக்கு இருபத்தொரு வயது வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னபோது, உன் அப்பா அந்தப் பெயரையும் பிறந்த தேதியையும் உனக்குப் போட்டார். போனில் சொன்னார். நான் ‘ம்’ என்றேன். என் மூத்தவன் பெயரில் பாஸ்போர்ட் வருகிறது, அவன் வேலைக்குப் போகிறான் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் அப்பா சொல்வது இதுதான்: “வாயத் தொறக்காத, தங்கம். அவன் பெரியவனாவே இருக்கட்டும். கள்ளப் பாஸ்போர்ட்டுன்னு தெரிஞ்சா என்னையும் புடிச்சு உள்ள போட்டுருவானுவ.” இரண்டு மாதம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நீ போர்வையைக் கேட்கவில்லை என்று எழுதிய பிறகு இருக்க முடியவில்லை.

பங்குத்தந்தை தந்த ஆன்றோவின் அடக்கப் பதிவும் உன் ஞானஸ்நானப் பதிவும் இதோடு இருக்கின்றன. ஊரில் என் தம்பி பஞ்சாயத்திலும் மரணத்தைப் பதிந்துவிட்டான். கார்டில் இனி மூன்று பெயர்தான். உன் அப்பாவிடம் கேட்காமல் அனுப்புகிறேன்.

உன் அம்மா,
தங்கபுஷ்பம்

சிறுவர் இல்லம்
20.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். வயதைக் கணிக்கக் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். ஆன்றோ இறந்துவிட்டான் என்று எழுதி அவன் கோப்பை மூடினார்கள். அங்கே இருந்த ஐந்து மாதம் அந்தக் கோப்போடு போய்விட்டது. ஜெனினுக்கு முதல் நாள் ஜூன் முப்பதாம் தேதி. வக்கீல் வந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அப்பாவைத் தம்மாமில் ரூமிலிருந்து போலீஸ் கூட்டிப்போன செய்தி வந்தது. அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று நீங்கள் எழுதிய வரியையும் பல தடவை படித்தேன். கோபம் வருமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. கெட்ட பிள்ளை என்று நினைக்காதீர்கள். சுண்டுவிரல் மாதிரிதான் இருக்கிறது.

இங்கே லைட்டை அணைக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் நாள் வரிசையில் ஜெனின் என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் வேறு யாரையோ என்று நின்றேன். கீழே கையெழுத்திலும் முதலில் ‘ஆ’ என்று எழுதி அடித்திருக்கிறேன்.

நாளை போனில் பேச விடுவார்களாம். எனக்குப் பேச ஒன்றும் இல்லை, நீங்கள் பேசுங்கள். எடுத்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் உடனே பதில் சொல்லாவிட்டால் வைத்துவிடாதீர்கள். இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஜெனின்