ஆறு நாற்பத்தேழுக்கு ஒரு பச்சை டிக்

ஜூன் 2, 2025, திங்கள்

நேற்று எங்கள் கம்பெனி நடத்தும் பாடிபோர்டு ஆன்லைன் குழுவில் பேசியவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் ஆறு பேர் பக்கத்து நாற்காலி நிதாவும் நானும்தான், வேறு வேறு பெயர்களில். பெயருக்குப் பதினோராயிரம் உறுப்பினர்கள்.

டீம் லீடர் சாய்சரண் சார் காலையிலேயே எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "இந்த மாசம் முடியறதுக்குள்ள தினமும் முன்னூறு பேராவது பேசோணும். இல்லீனா ஆஸ்திரேலியாக்காரன் இந்த வேலைய வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துருவான். அப்பறம் என்னையக் கேக்காதீங்க."

பாடிபோர்டு என்றால் குட்டைப் பலகை. நெஞ்சைப் பலகையில் வைத்துப் படுத்துக்கொண்டு அலையின் முகத்தில் வழுக்கிக்கொண்டே வருவார்கள். எட்டு மாதமாக அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், டெஸ் என்ற பெயரில். நான் கடலைப் பார்த்தது ஒரே தடவை, திருச்செந்தூரில். கணுக்கால் வரை நனைந்தேன். அதற்கே அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

இன்று, "உங்கள் செருப்பு எந்தக் கம்பெனி?" என்று கேட்டுத் தொலைத்தேன். அது செருப்பில்லை. காலில் மாட்டும் துடுப்பு. டெரிக் என்ற பெரியவர், "டெஸ், நான் செருப்போடு போனால் மீன்கள் சிரிக்கும்" என்று பதில் போட்டார். அதற்குக் கீழே பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். அசட்டுத்தனத்துக்குத்தான் ஆள் கூடுகிறது.

ஜூன் 4, புதன்

இன்று கூட்டத்தில் வாயைத் திறந்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை.

விடியற்காலை, பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் "போறேம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா ரோடு வரை பின்னாலேயே வந்தாள். "ஏங்கண்ணு, அப்படியா சொல்லுவாங்க? போயிட்டு வாரேன்னு சொல்லீட்டுப் போ." சொன்ன பிறகுதான் திரும்பினாள். சோமனூரிலிருந்து சிங்காநல்லூர் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடலுக்குப் போகிறவர்களும் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் என்ன? இறங்கும்போது "போகிறேன்". கரையேறியதும் "திரும்பிவிட்டேன்". ஒரு ஆளுக்கு ஒரு நாளில் இரண்டு பதிவு.

எழுந்து நின்று சொன்னேன். சாய்சரண் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அம்மணி! இத்தன நாளா இத எங்க வெச்சிருந்தீங்க?"

ஜூன் 10

அதை ஒரு பொத்தானாகவே செய்து தந்துவிட்டார்கள். இறங்கும்போது அழுத்தினால் ஆரஞ்சு. திரும்பியதும் அழுத்தினால் பச்சை டிக். வீட்டு ஆட்களும் தங்கள் போனில் பார்க்கலாம். டெரிக் முதல் நாளே தன் மனைவி மொரீனைச் சேர்த்துவிட்டார். டெரிக்குக்கு வயது அறுபத்து மூன்று, ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சிட்னிக்குத் தெற்கே ஏதோ ஒரு சின்ன ஊர். தினமும் அவர்கள் நேரம் மூன்றரைக்கு, "போகிறேன் டெஸ், டீக்குத் தண்ணீர் வை" என்று எழுதுகிறார். இங்கே அப்போது காலை பதினொன்று. நான் நிஜமாகவே டீ குடிக்கிற நேரம்.

ஜூன் 13

பேசியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.

ஜூன் 18, புதன்

சிக்கல். போகும்போது அழுத்துகிறவர்கள் வந்ததும் அழுத்த மறந்துவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி ஆரஞ்சாகவே நிற்கிறது. ரிப்போர்ட்டில் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கிளையண்ட் சொல்லிவிட்டானாம்.

"ஷிப்ட் முடியறப்ப நாமளே சாத்திப்போட்டுப் போயிரலாம்" என்றார் சார். எங்களால் முடியும். அட்மினில் எல்லாப் பெயரையும் குறித்து ஒரே அழுத்து. எல்லாம் பச்சை.

"வந்துட்டாங்கன்னு நமக்கு எப்படிங்க சார் தெரியும்?"

"வராம எங்கீங்க போயிருவாங்க? நாளைக்குக் காலைல வந்து மறுக்காப் பேசத்தான போறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இன்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துத்தான் சாத்தினேன். படம் போட்டிருக்கிறாரா, வேறு எங்காவது பேசியிருக்கிறாரா என்று. நாற்பது நிமிடம் ஆனது. பஸ் போய்விட்டது.

ஜூன் 24

தொண்ணூற்றேழு சதவீதம் பச்சை. பேசியவர்கள் முன்னூற்று ஆறு. சார் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தந்தார். "எல்லாம் பொற்கொடி மூளைங்க" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நிதா காதோரம், "இனி உன்னையக் கையிலயே புடிக்க முடியாதுடி" என்றாள்.

இப்போது யாரையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மொத்தமாக ஒரே அழுத்து. இரண்டு நாற்பது பஸ் கிடைத்துவிடுகிறது.

ஜூன் 26, வியாழன்

முப்பத்தொரு பேரைச் சாத்தினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அப்பாவின் தறிக்கூடத்தில் நாள் முழுக்க மின்சாரம் இல்லையாம். மதியமே வந்து படுத்திருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

டெரிக் வரவில்லை.

நேற்று அவர்கள் நேரம் நாலு பத்துக்குப் போயிருக்கிறார். வியாழக்கிழமைகளில் கரையேறியதும் கிளப்பில் நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். மொரீன் ஏழு மணிக்குப் போனைப் பார்த்திருக்கிறார். பச்சை. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை.

நான் வேலையில் உட்காரும்போதே பலகை கிடைத்துவிட்டது. இங்கே எட்டரை ஆனபோது உடலும். பாறையடியில்.

அட்மின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டெரிக், திரும்பினார், மாலை 6.47. அதற்குப் பக்கத்தில் என் ஊழியர் எண். இங்கே அப்போது இரண்டு பதினேழு. இரண்டு பதினேழுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் டப்பா. இன்னொரு கையில்...

அய்யோ, என்ன பண்ணிப்போட்டேன்.

ஜூன் 29

சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடவே இல்லியே கண்ணு."

ஜூலை 1, செவ்வாய்

இன்று பேசியவர்கள் அறுநூற்று நாற்பது. எல்லாம் டெரிக்குக்காக. பழைய படங்கள், பஸ்ஸில் அவரோடு போன பிள்ளைகள், அவருடைய செருப்பு ஜோக். டெஸ் பெயரில் நான்தான் இரங்கல் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அதுதான் கேவலம்.

சார் என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "இப்படி ஒரு நாள் இதுவரைக்கும் வந்ததேயில்ல" என்றார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ ஆகிவிட்டது. வெளியே போய்விட்டார்.

ஜூலை 4, வெள்ளி

இன்று வந்த விஷயத்தை எப்படி எழுதுவது. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

டெரிக்கின் போன் அவருடைய வண்டிக்குள் இருந்திருக்கிறது. வண்டி கடற்கரையில் நின்றிருக்கிறது. 6.47க்குப் பச்சை விழுந்திருக்கிறது. ஆகவே, அவர் கரையேறி, வண்டிக்கு வந்து, போனை எடுத்து அழுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு கிளப்புக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. மையிருட்டில் மறுபடியும் கடலுக்குள் போயிருக்கிறார். ஏன்?

போலீஸ் இப்படி யோசிக்கிறது. தானாகவே போய் முடித்துக்கொண்டாரா என்று மொரீனிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதிவு எப்படி விழுந்தது என்று நம் கம்பெனியையும் கேட்டிருக்கிறார்கள்.

அவர் வண்டிக்கு வரவே இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் சாருக்கும்.

ஜூலை 8

முதலாளி லட்சுமிநாராயணன் சார் கூப்பிட்டார். இந்தக் கம்பெனிக்கு வந்த இரண்டு வருடத்தில் நான் அந்த அறைக்குள் போனதில்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பயப்படாதீங்க. உங்க மேல ஒண்ணும் வராது. ஆனா ஒண்ணு பாருங்கம்மணி, இந்த வேலைல உங்களாட்ட இருவத்திரண்டு புள்ளைங்க இருக்கறாங்க. சூலூரு, சோமனூரு, பல்லடம்னு முதல் பஸ்ஸப் புடிச்சு வாராங்க. அவங்க ஊட்லயும் அடுப்பெரியோணுமல்லோ?"

"சரிங்க சார்."

"பொய் சொல்லச் சொல்லல. பதிவு இருக்கறத மட்டும் எழுதிக் குடுங்க. இங்கிலீஷ் உங்களுதுதான் நல்லா இருக்குதுன்னு சாய் சொன்னாப்ல."

எழுதிக் கொடுத்தேன். "உறுப்பினரின் கணக்கில் மாலை 6.47க்குத் திரும்பியதாகப் பதிவாகியுள்ளது." பொய் ஒரு சொல்கூட இல்லை. யார் பதிந்தது என்பது மட்டும் இல்லை. ஆள் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதத்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போனேனா?

ஜூலை 9

அந்தக் கடிதத்தைப் போலீஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 14, திங்கள்

மொரீன் குழுவில் எழுதியிருக்கிறார். முதல் தடவை.

அன்று காலையில் இருவருக்கும் சண்டையாம். பழைய கேரவன் வண்டியை விற்கலாம் என்று டெரிக் சொன்னாராம். அதில் கிடப்பதெல்லாம் உன் குப்பைதான் என்று மொரீன் கத்தினாராம். 'அவர் கரைக்கு வந்திருக்கிறார். என்னிடம் வர மனமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். நான் சொன்னதற்குத்தானா?'

கீழே நூற்றிருபது பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ஸும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சார் எழுதி அனுப்பினார். வெறும் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இல்லீங்க. நீங்க சொன்னதுக்காக இல்லீங்க. அவரு வரவே இல்லீங்க.

ஜூலை 15

நிதாவிடம் சொன்னேன். பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு.

"லூசாடி நீ? சொன்னா அவரு எந்திரிச்சு வந்துருவாரா?"

"அந்தம்மா தன்னாலதான்னு நெனச்சுட்டு இருக்காங்க நிதா."

"எங்கக்காளுக்கு ஆவணில கல்யாணம். எனக்கு இந்த வேலையும் போச்சுன்னா... நீயே நெனச்சுப் பாரு." அழுதுகொண்டே முகம் கழுவினாள். நானும் பக்கத்தில் நின்று கழுவினேன்.

வீட்டில் அப்பாவிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பாதி புரிந்திருக்கும். "பேசாம இரு கண்ணு. பெரிய எடத்து விசயம். கோர்ட்டு கேசுன்னு வந்தா நம்மளால தாங்க முடியுமா?" என்றவர் தட்டில் கை கழுவிவிட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

மொரீனுக்கு எழுதினேன். என் சொந்த மெயிலிலிருந்து, என் பெயரில். அந்த ஊர்ப் போலீஸுக்கும் அதையே அனுப்பினேன், அட்மின் பக்கத்தின் படத்தோடு.

முதலில் இரண்டு பக்கம் வந்தது. பஸ், டார்கெட், சார் சொன்னது எல்லாம். படித்துப் பார்த்தேன். எல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வரிகள். அழித்துவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

'டெஸ் என்ற பெயரில் எழுதியவள் நான். 6.47க்கு அந்தப் பச்சையை அழுத்தியது உங்கள் கணவர் அல்ல, நான். இந்தியாவிலிருந்து. அவர் திரும்பிவிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. அன்று அவர் வண்டிக்கு வந்ததற்கு வேறு எந்த அடையாளமும் எங்களிடம் இல்லை. முன்பு கம்பெனியிலிருந்து போலீஸுக்கு வந்த கடிதத்தை எழுதியதும் நான்தான்.'

மன்னிப்பு என்ற சொல்லை நான்கு முறை போட்டு நான்கு முறை எடுத்தேன். கடைசியில் போட்டேன்.

ஜூலை 21, திங்கள்

கார்டைத் தேய்த்தேன், கதவு திறக்கவில்லை. சாய்சரண் சார் லிப்ட் பக்கத்தில் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம்.

"ஏனுங்க பொற்கொடி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருக்கலாமல்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா சார்?"

"மாட்டேன். சாத்தச் சொன்னது நாந்தானுங்க. அதையும் எழுதீட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

டிபன் டப்பா, ஸ்வெட்டர், மேஜையில் இருந்த பேனா எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 24

வேலையைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு பேரையும் வர வேண்டாம் என்று சொல்லியாயிற்றாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நிதா வைத்த ஸ்டேட்டஸில் பார்த்தேன். சற்று நேரத்தில் அதுவும் தெரியவில்லை. என் நம்பரை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

மொரீனிடமிருந்து பதில்.

'அவர் என் மேல் கோபத்தோடு போகவில்லை என்பது தெரிந்தது. அது ஆரஞ்சாகவே இருந்திருந்தால் ஏழு மணிக்கு நான் ஆட்களைக் கூப்பிட்டிருப்பேன் என்பதும் தெரிந்தது. முதலாவதற்காக உங்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வரவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.'

எழுதவில்லை.

செப்டம்பர் 19

நடந்தது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சூலூரிலும் பீளமேட்டிலும் இரண்டு இன்டர்வியூ. முந்தைய கம்பெனியிலிருந்து ஏன் நின்றுவிட்டீர்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் பைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 6

திருப்பூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. செக்கிங் செக்‌ஷன். தைத்து வருகிற துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிற அக்கா, "டிகிரி முடிச்ச புள்ள இங்க என்ன பண்றே அம்மணி?" என்றார். சிரித்து வைத்தேன்.

பிப்ரவரி 12, 2026, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் மெயில் பார்த்தேன். மொரீனுடைய முகவரி. உள்ளே ஒரு சொல்கூட எழுதவில்லை. விசாரணை முடிவின் நகல் மட்டும் இணைத்திருந்தார். இரண்டு பக்கம்.

சாவுக்குக் காரணம்: விபத்து. அவர் கடலிலிருந்து வண்டிக்குத் திரும்பவே இல்லை. 6.47 மணிப் பதிவை இந்தியாவிலிருந்த ஒரு ஊழியர், அவர் நிலை தெரியாமல் செய்தார். அந்த ஊழியர் தாமாகவே முன்வந்து அதைத் தெரிவித்தார். அந்தப் பதிவு இல்லாதிருந்தால் தேடுதல் அன்று மாலை ஏழு மணியளவில் தொடங்கியிருக்கும். தொடங்கியிருந்தால் அவர் உயிரோடு கிடைத்திருப்பாரா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது.

கடைசி வரியை மூன்று முறை படித்தேன். இயலாது என்றுதான் போட்டிருக்கிறது. இல்லை என்று போடவில்லை.

மணி அடித்துவிட்டது. பாதி டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வரை ஒவ்வொரு துணியாக, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கை மெதுவாக ஓடுகிறது என்று சூப்பர்வைசர் திட்டினார்.