சோலார் பலகைக்கு ஒரு தார்ப்பாய்ப் பை

அன்புள்ள கலைமணிக்கு,

வாசலூர்பட்டியிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. உன் முதுகுவலி தேவலையா? தாராபுரத்தில் மழை உண்டா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்கள் முதலில் என்னைத்தான் விசாரிக்கிறார்கள். இங்கே வெயில்கூட என்னைக் கேட்டுத்தான் அடிக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம். விளக்குக்கும் செல்போனுக்கும் கரண்ட் தருகிற மடக்குச் சோலார் பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறினேன். பையின் வார் அறுந்து, பலகை மரவள்ளிக் காட்டுக்குள் உருண்டது. புலியாட்டம் பாய்ந்து பிடித்துவிட்டேன். பலகைக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்காலில் கடுகளவு சிராய்ப்பு. கூட வேலை செய்யும் கதிர்வேல் நான் நொண்டுவதாகப் போனில் சொன்னால் நம்பாதே.

முதலாளிதான், "ஏனுங்க, இன்னொருக்கா உழுந்துச்சுன்னா நீங்க ஊட்டுக்கே போயிருங்க" என்றார். நான் விடுவேனா?

"என்ற ஊட்டுக்காரி தெச்சா ஆனை இழுத்தாலும் அறாதுங்க!"

"அப்படியா? நல்லா இருந்தா பத்துப் பை எடுத்துக்கறனுங்க" என்று சிரித்தார்.

ஆகவே உடனே தை. லாரித் தார்ப்பாயை இரட்டையாகப் போட்டு, நடுவில் பழைய மெத்தைத் துண்டு வை. வாரை மேலே மட்டும் தைக்காமல், பையின் அடியைச் சுற்றிக் கொண்டுவா. அளவுக்கு இந்தக் கடிதத்துக்குள் இரண்டு நூல் வைத்திருக்கிறேன்; நூலைப் போனில் அனுப்ப முடியாதே! நீளமானது உயரம், குட்டை அகலம்.

கூடவே என் கம்பளியும் பருப்புப் பொடியும் வேண்டும். இங்கே சமைக்கிறவர் நல்லவர்தான், ஆனால் சாப்பிடும்போது பேசவே மாட்டார்.

பையைப் பார்சலில் போடாதே. நீயே கொண்டுவா. வாரை ஆளுக்கு மாட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். கடிதத்தைத் தபாலுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்; "மாமா, ஜீப் கெளம்புதுங்க!" என்று கதிர்வேல் கத்துகிறான். ஞாயிறு காலையிலிருந்தே மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிறுத்தத்தில் நிற்பேன்.

குப்புசாமி