மிசலும் மூன்று பழுப்பு முட்டைகளும்

30 மார்ச், ஞாயிறு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: புணே மாநகரம், தாபோடி குவார்ட்டர்ஸ், கடைசி வரிசை, கீழ்வீட்டுக் கொல்லையில் இன்று காலை ஆறு ஐம்பதுக்கு ஒரு முட்டை இடப்பட்டது. இட்டவர் பூரி. பாவ் நாளைக்கு யோசிப்பதாகச் சொல்லிவிட்டார். மிசல் அம்மையார் முட்டைப் பெட்டிக்குள் பரப்பி உட்கார்ந்துகொண்டு, எட்டிப் பார்க்கிறவர்களையெல்லாம் கொத்துகிறார். முட்டை போடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. கணக்குப் பரீட்சையில் நான் உட்கார்ந்திருந்த மாதிரியே. அங்கே நானாவது முட்டை போட்டேன்.

மூன்று கோழிகளுக்கும் சைவப் பலகாரப் பெயர் வைத்தது நான்தான். யாரும் குழம்பில் போட்டுவிடக் கூடாது என்று தங்கை வைஷு அழுதாள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. தங்கை பள்ளிக்குப் போகும் நேரத்தில் கோழிகள் என் பொறுப்பு. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருச்சியிலிருந்து அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது அவள் யூகேஜி. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. என் ரகசியங்களுக்கு இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

31 மார்ச், திங்கள்

வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். மாதத்துக்கு நாலைந்து பந்து எங்கள் கொல்லையில் வந்து விழும். அதில் மூன்றை எடுத்து, குழிகளைச் சுவருக்குப் பூசுகிற பட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, காபி டிகாக்‌ஷனில் ஊறவைத்தேன். நல்ல பழுப்பு. கோழியே பார்த்தாலும் ‘இதை எப்போது போட்டேன்’ என்று யோசிக்கும்.

அம்மா: “முகுந்தா, டிகாக்‌ஷன் எப்படிடா பாதியாயிடுச்சு?”

ஆவியாகிவிட்டது என்றேன். நாளை ஏப்ரல் ஒன்று.

1 ஏப்ரல், செவ்வாய்

திட்டம்: முட்டைப் பெட்டிக்குள் பந்துகளை வைத்துவிடுவேன், வைஷு எடுத்து வருவாள், அம்மா ஆம்லெட்டுக்கு உடைப்பாள், டங்கென்று சத்தம் வரும், நான் தரையில் உருண்டு சிரிப்பேன்.

நடந்தது: மிசல் மூன்று பந்தையும் அலகால் ஒவ்வொன்றாக உருட்டி வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டது. எடுக்கப் போன வைஷுவின் கையில் நச்சென்று ஒரு கொத்து.

“அண்ணா! மூணு முட்டை! ப்ரவுனு! மிசல் தர மாட்டேங்குது!”

நிஜமான கலைஞன் அங்கேதான் தெரிவான். கண் சிமிட்டும் நேரத்தில் சொன்னேன்: “அது மிசலோடது இல்ல. மனோஜோட மாமா பண்ணையில இருந்து நான்தான் கொண்டுவந்து வச்சேன். கடக்நாத். கருங்கோழி. இருபத்தோரு நாள்ல குஞ்சு பொரிக்கும்.”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு நாள் பொய்யை இருபத்தோரு நாளுக்கு நீட்டியவன் இந்தக் குவார்ட்டர்ஸில் வேறு யாராவது இருக்கிறானா?

3 ஏப்ரல், வியாழன்

காலண்டரில் வைஷு 22-ஆம் தேதியைச் சுற்றிக் கோழிக்குஞ்சு படம் போட்டிருக்கிறாள். தினமும் ஒரு பெருக்கல் குறி. ஒரு குஞ்சு அவளுடைய சிநேகிதி தேஜஸ்வினிக்காம். வகுப்பு முழுக்கச் சொல்லியாயிற்று.

“அண்ணா, முட்டைக்குள்ள இருந்து குஞ்சு கத்துமா? காது வச்சுக் கேக்கலாமா?”

காது வைத்தால் கதை கந்தல். அதனால் பெட்டியின் வாயில் ஒரு கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு ஆணியடித்தேன். மேலே அட்டை: ‘பிரசவ வார்டு. பார்வையாளருக்கு அனுமதி இல்லை.’ மராத்தியிலும் எழுதினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அபூர்வம்.

இன்று அம்மா அடை சுட்டாள். மிசல் அடை காத்தாள்.

8 ஏப்ரல், செவ்வாய்

பந்துக் கதையைக் கேட்ட என் சிநேகிதன் மனோஜ் சொன்னான்: “நீ பெரிய ஆளுடா.” தெரிந்த விஷயம்தான்.

11 ஏப்ரல், வெள்ளி

வெயில் நாற்பதைத் தொட்டுவிட்டது. கூட்டுக்கு மேலே தகரம்.

முதலில் மிசல் தினமும் ஒருமுறை இறங்கி வந்து, நாலு வாய் தின்று, தண்ணீர் குடித்து, ஓட்டமாகத் திரும்பும். இரண்டு நாளாக இறங்கவே இல்லை. சோளத்தைக் கையில் வைத்து நீட்டினேன். என்னைக் கொத்தியதே தவிர அதைக் கொத்தவில்லை. தூக்கிப் பார்த்தேன், காலிப் பை மாதிரி இருந்தது. கொண்டை வெளுத்திருக்கிறது.

பள்ளியிலிருந்து வந்ததும் வைஷுவின் முதல் கேள்வி: “மிசல் சாப்பிட்டுதா?”

“ஃபுல் மீல்ஸ். அப்பளம் மட்டும் வேண்டாம்னுடுச்சு.”

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

பக்கத்து வீட்டு மராத்தி ஆன்ட்டி உஷா காக்கூ துணி காயப்போட வந்தவர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். “குடுக்” என்றார். அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு மராத்தியில் அதுதான் பேர். சில கோழி பிடிவாதமாம். முட்டை பொரிகிற வரை பட்டினி கிடந்தே செத்துப்போகுமாம். “அரே, பொரிக்கிற முட்டைன்னா சரி. இல்லேன்னா இன்னைக்கே எடுத்துடு. குளிர்ந்த தண்ணியில வயித்தை நனைச்சு, அடியில காத்து வர்ற கம்பிக் கூடையில நாலு நாள் போடு. மறந்துடும்.” இந்தியில்தான் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் நன்றாகப் புரிந்தது.

என்ன செய்ய? எடுத்தால் வைஷு கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால்—

இன்னும் ஒன்பது நாள்தான். கட்கி பஜாரில் ஒருவன் ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் விற்கிறான். 22-ஆம் தேதி விடியற்காலை மூன்று கறுப்புக் குஞ்சு வாங்கி அடியில் தள்ளிவிட்டால் மிசலும் எழுந்துவிடும், வைஷுவுக்கும் குஞ்சு, எனக்கும் பெயர். என்ன மூளைடா உனக்கு!

15 ஏப்ரல், செவ்வாய்

எடுத்துவிடலாம் என்றுதான் போனேன். கையை உள்ளே விட்டேன். மிசல் கொத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சும்மா பார்த்தது. ஒரு பந்தை வெளியே எடுத்து வைத்தேன். மெதுவாகக் கழுத்தை நீட்டி, அலகால் உருட்டி, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டது.

விட்டுவிட்டேன். இன்னும் ஏழு நாள். தாங்கும். தாங்கும் இல்லையா?

17 ஏப்ரல், வியாழன்

வெயில் நாற்பத்தொன்று. அம்மா கட்கிக்குப் போயிருந்தாள். பதினோரு மணிக்கு நான் தண்ணீர் மாற்றியிருக்க வேண்டும். மனோஜ் வீட்டில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். ஒன்றேகாலுக்குத்தான் ஞாபகம் வந்தது. ஓடினேன்.

சாக்கைத் தூக்கினால் குக்கரைத் திறந்த மாதிரி அனல். மிசல் இரண்டு இறக்கையையும் விரித்து மூன்றின் மேலும் கவிழ்ந்திருந்தது. அலகு திறந்திருந்தது.

கூப்பிட்டேன். கோழியை எதற்குக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. கூப்பிட்டேன்.

வாசலில் ஸ்கூல் பஸ் ஹாரன்.

18 ஏப்ரல், வெள்ளி

வேலி ஓரம், கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினேன். அப்பா தோளில் கை வைத்து, “வெயில்டா. நம்ம கையில என்ன இருக்கு?” என்றார். நம்ம கையில்தான் இருந்தது. என் கையில். மண்ணைத் தள்ளிக் குழியை மூடினேன்.

வைஷு நேற்று முழுக்க அழுதாள். இன்று அழவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு மூன்றையும் எடுத்தாள். “இன்னும் நாலு நாள்தானே அண்ணா? நாம சூடா வச்சுப்போம். மிசல் இவ்ளோ நாள் பட்டினி கிடந்து பாத்துக்கிச்சே, வேஸ்ட்டாகக் கூடாது.”

செருப்பு டப்பா. அதில் அவளுடைய ஸ்வெட்டர். மேலே டேபிள் விளக்கு.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. “ஸ்வெட்டரை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடு” என்றுதான் வெளியே வந்தது. நான் என்ன மனுஷன்?

20 ஏப்ரல், ஞாயிறு

விளையாடக்கூடப் போக மாட்டேன் என்கிறாள். டப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொல்லிப் பாதி வைத்துவிட்டாள். அம்மா கத்தினாள்: “நீ என்ன கோழியாடி?”

என் தட்டை எடுத்துப்போய்ப் பூரிக்கும் பாவுக்கும் கொட்டினேன்.

22 ஏப்ரல், செவ்வாய்

சொல்லிவிட்டேன். நானே போய்ச் சொன்னேன். ஆண்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, “வைஷு, அது முட்டை இல்லை, கோல்ஃப் பந்து. தப்பு என்னுடையது” என்றேன். அவள் அழுதாள். நான் சமாதானப்படுத்தினேன். உண்மையைச் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும், அது என்னிடம் இருந்தது. விஷயம் முடிந்தது.

28 ஏப்ரல், திங்கள்

பாவும் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. வெறும் வைக்கோல் மேல்! இந்த முறை ஒரு மணி நேரம்கூட விடவில்லை. சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். வாளித் தண்ணீரில் வயிற்றை நனைத்து, உஷா காக்கூ கொடுத்த கம்பிக் கூடையில் வைத்து, நிழலில் தொங்கவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். இன்று மூன்றாம் நாள். சோளம் தின்கிறது.

22-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். யாரும் படிக்காத நோட்டில் யாரை ஏமாற்றுவதற்காக அப்படி எழுதினேன்?

நான் போய்ச் சொல்லவில்லை. அன்று காலை ஐந்தரைக்கு, ஜன்னல் வெளுக்கிற நேரத்தில், டப்பாவிலிருந்து பந்துகளை எடுத்து ஒளித்துவிடலாம் என்று பூனை மாதிரிப் போனேன். காகம் கொண்டுபோய்விட்டது என்று சொல்வதாகத் திட்டம். மூடிய ஜன்னல் வழியாகக் காகம்! அதுதான் என் மூளை. வைஷு பாயில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

“அண்ணா. அது பந்துதானே?”

நான் நிமிர்ந்து நிற்கவில்லை. குனிந்திருந்தேன். கையில் ஒரு பந்து.

“சனிக்கிழமை ஒண்ணு கீழ விழுந்துச்சு. செத்தேன்னு நினைச்சேன். உடையல. துள்ளுச்சு. கட்டிலுக்கு அடியில போய் மறுபடியும் துள்ளுச்சு.”

“அப்புறம் ஏன்டி ஞாயிற்றுக்கிழமையெல்லாம் உக்காந்திருந்த?”

“நீ எப்போ சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்.”

அழுதது அவள் இல்லை. நான்தான், மூக்கு ஒழுக. என்னைப் பார்க்கவே அசிங்கமாக இருந்திருக்கும். மிசல் சாப்பிடாததையும், காக்கூ சொன்னதையும், சாக்கையும், மனோஜ் வீட்டையும் சொன்னேன். பந்து மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்றதைக் கேட்டதும் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். பஸ் வருகிற வரை கறிவேப்பிலைச் செடிப் பக்கம் நின்றாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. அம்மா வந்து பள்ளிப் பையை மாட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. நேற்று பேசினாள். பாவை நனைத்துத் திரும்பக் கூடைக்குள் வைக்கும்போது அது என் மணிக்கட்டில் பலமாகக் கொத்தியது. வைஷு பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, “ஆறு” என்றாள். காலண்டரில், அந்தக் குஞ்சுப் படத்துக்குக் கீழே, நான் வாங்கும் கொத்துகளை எண்ணிக்கொண்டு வருகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்று காலை எண்ணிக்கை ஒன்பது. கையைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளலாம்தான். இழுக்கவில்லை.