டேஷ்போர்டை வெட்டுறதுக்கு முன்னால்

ஜூன் 3

மெக்கானிக் ஐயாவுக்கு,

போன்ல பேசினா நீங்க கத்துவீங்க, நானும் கத்துவேன், பக்கத்து வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கிட்டு நிப்பா. அதான் எழுதுறேன். கோவிச்சுக்கிட்டுப் போன ஊர்ல ஒர்க்‌ஷாப் சாப்பாடு ஒத்துக்குதா? நான் ஏதோ இருக்கேன்.

உங்க பழைய பிக்கப்பிலதான் தினமும் ஆஸ்பத்திரிக்குச் சலவைத் துணி கொண்டுபோறேன். நேத்து மதியம் திரும்பி வரும்போது கண்ணு சொக்கிடுச்சு. பாலத்துச் சுவர்ல மோதப் போன வண்டியை எப்படித் திருப்பினேன்னு எனக்கே தெரியல. தனியா ஓட்டும்போது ஏதாவது சத்தம் கேட்டாத்தான் முழிப்பு நிக்குது. வண்டியில இருக்கிற ரேடியோவோ ஊமையாகி ஒரு மாசம் ஆச்சு.

இருபத்திரண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை என் தம்பி புது ஸ்டீரியோ மாட்டித் தர்றான். பழைய ஓட்டையில அது உட்காராதாம், டேஷ்போர்டை வெட்டணுமாம். வண்டி உங்களுது. சொல்லாம செஞ்சேங்கிற பேச்சு எனக்கு வேண்டாம்.

சிட்டு


ஜூன் 6

சிட்டு,

வெட்டாதே! அந்தத் தகரத்தை வெட்டினா வெட்டினதுதான். எந்தக் கொம்பனாலயும் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. வண்டியோட கம்பெனியிலிருந்தே வந்த ரேடியோ அது. உன் தம்பி சும்மா இருந்தாலே எதையாவது உடைப்பான், அவன் கையில ரம்பத்தைக் கொடுக்காதே.

முதல்ல பியூஸைப் பார். டயல் விளக்கு எரியுதேன்னு ஏமாந்துடாதே, விளக்குக்குத் தனி ஒயர். பியூஸ் நல்லா இருந்தா ரேடியோ பெட்டியை வெளியே எடு. பேட்டரி ஒயரைக் கழட்டிடு. ரெண்டு குமிழையும் நேரா இழுத்தா வந்துடும், உள்ளே நட்டு இருக்கும். அப்புறம் அடியில தாங்குற பட்டை. பின்னால வலது பக்கம் இருக்கிற சிவப்பு ஒயர்தான் கரண்ட். அதையும் ஏரியல் ஒயர், ஸ்பீக்கர் ஒயரையும் உருவிட்டுக் கீழ்வழியா இறக்கு. வாஷரைத் தொலைச்சுடாதே, அந்த அளவு இப்போ எங்கேயும் கிடைக்காது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 10

ஏங்க,

பியூஸ் நல்லாத்தான் இருக்கு. சரி, உங்க பேச்சையும் கேட்டுப் பார்ப்போம்னு மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில நுழைச்சேன். படுத்தா வலது இடதாயிடும்னு நீங்களும் எழுதல, எனக்கும் தோணல. நான் உருவினது வைப்பர் ஒயரை. அதுவும் சிவப்புதான். மழை வந்தா இனி துண்டால துடைச்சுக்கிட்டே ஓட்டணும்.

பட்டையைக் கழட்டினேனோ இல்லையோ, பெட்டி பொத்துன்னு நெத்தியில விழுந்துச்சு. ஒரு கையால தாங்கிக்கோன்னு எழுதினா பேனாவுல மை தீர்ந்துடுமா? மூணு தையல். உங்க வாஷர் பத்திரமா இருக்கு.

பெட்டி இப்போ அடுப்படி மேஜை மேல. ஸ்பீக்கர் வண்டியிலேயே இருக்கு. வெள்ளிக்கிழமை லீவு. பேட்டரியைத் தூக்கிட்டு வந்து பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்துப் பார்க்கிறேன்.

சிட்டு


ஜூன் 12

சிட்டு,

அவசரம். ஸ்பீக்கர் மாட்டாம கரண்ட் கொடுக்காதே! உள்ளே கடைசியா இருக்கிற டிரான்சிஸ்டர் கருகிடும். அது போனா பெட்டியே போன மாதிரி. ஸ்பீக்கரையும் கழட்டி மாட்டிட்டு அப்புறம் பார். எர்த் ஒயர் சேர்ற இடத்துல துருவைச் சுரண்டு, பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

பெட்டி விழுந்ததுல டயல் கண்ணாடி விரிசல் விடலையே? அதை மட்டும் உடனே எழுது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 14

மெக்கானிக் ஐயாவுக்கு,

உங்க அவசரம் இன்னிக்கு வந்து சேர்ந்துச்சு. பெட்டி நேத்தே கருகிடுச்சு. வீடெல்லாம் நாத்தம், இன்னும் போகல.

கண்ணாடி விரிசல் விடல. அந்த நிம்மதியாவது உங்களுக்குக் கிடைக்கட்டும். நெத்தியும் ஆறிட்டு வருது. நீங்க கேட்கல, நானே சொல்லிக்கிறேன்.

பாலத்துச் சுவர்னு எழுதினேன். வாஷர்னு பதில் வந்துச்சு. தையல்னு எழுதினேன். கண்ணாடின்னு வந்துச்சு. வயிறு எரியுதுங்க. இந்த வீட்ல இத்தனை வருஷமும் நான் இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தேன். கடைசியில, "எப்பப் பார்த்தாலும் சண்டைக்கு வர்றே"ன்னு பையைத் தூக்கிட்டுப் போனது நீங்க.

ஞாயித்துக்கிழமை தம்பி ரம்பத்தோட வருவான். வெட்டணுமா வேண்டாமா, அதை மட்டும் எழுதுங்க. இன்னொரு தடவை அதைக் கழட்டு, இதைச் சுரண்டுன்னு வந்தா, அதுக்கப்புறம் உங்க கடுதாசி எதையும் நான் பிரிக்க மாட்டேன்.

சிட்டு


ஜூன் 17

சிட்டு,

வெட்டச் சொல்லு.

உன் முதல் கடுதாசியை மறுபடி எடுத்துப் படிச்சேன். சுவர்ல மோதப் போனேன்னு எழுதியிருக்கே. அதைத் தாண்டிக் குதிச்சு டேஷ்போர்டுக்குப் போயிருக்கேன். மனுஷனா நான்? நீ மோதியிருந்தா எனக்கு யாரு இந்த நியூஸை எழுதியிருப்பாங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் வேலையே ஓடல, முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இனி நீ தனியா ஓட்ட வேண்டாம். லீவு சொல்லிட்டு வர்றேன். பக்கத்து சீட்ல உட்கார்ந்து பேசிக்கிட்டே வருவேன், உனக்குக் கண்ணு சொக்காம நான் பார்த்துக்கிறேன். வரட்டுமா?

உன் வீட்டுக்காரன்


ஜூன் 23

ஏங்க,

வெட்டியாச்சு. தம்பி கோணலாத்தான் வெட்டினான், பார்த்தா பல்லைக் கடிப்பீங்க. புது ஸ்டீரியோ காது கிழியக் கத்துது. இன்னிக்குப் போயிட்டு வந்தேன், தூக்கம் கிட்டவே வரல.

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு அழுதேன். மறைக்கல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என்னை முழிக்க வைக்க இனி ஆளு தேவையில்லை, அதுக்கு மெஷின் வந்தாச்சு. அந்த வேலையைப் பார்க்கத்தான் வர்றதா இருந்தா, வராதீங்க.

கையில ஒரு வேலையும் இல்லாம, சும்மா என்னைப் பார்க்கணும்னு இருந்தா மட்டும் வாங்க.

சிட்டு