நான் வேண்டாமென்று சொன்ன வைஃபை

மேசை லாச்சிக்குள் டோர்ச்சுக்குப் பற்றரி தேடும்போது அந்தக் கறுப்பு வயர் கையில் தட்டுப்பட்டது. உன் ஈ-ரீடருக்குள் நான் புத்தகம் ஏற்றித் தந்த வயர். நீ போய் ஏழு மாதமாகிறது. எறியவும் மனமில்லை, வைத்திருந்தும் ஒரு பிரயோசனமில்லை.

கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில், இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு நான்கு மணித்தியாலம் கிடப்பாய். ஊசி ஏற்றிய இடது கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் புத்தகத்தை விரித்துப் பிடிக்கப் பார்த்து, அது மூக்கில் விழுந்த கதையை நீயே சொல்லிச் சிரித்தாய். கனடாவிலிருக்கும் உன் அண்ணை, திருவிழாவுக்கு வருகிற ஓர் ஆளிடம் ஈ-ரீடர் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வைஃபை உள்ளதா, இல்லாததா என்று கேட்டார். நீ போனை என்னிடம் நீட்டினாய். கந்தோரில் இருபது வருடம் கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தவன் என்பதால் நான்தான் உனக்குப் பெரிய நிபுணன்.

"வாசிக்கிறதுக்கு நெட் என்னத்துக்கு அண்ணை? இல்லாததையே அனுப்புங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமையிலை வந்து ஏத்திக் குடுப்பன்," என்றேன்.

நீ மெல்லக் கேட்டாய்: "நெட் இருந்தா நானே எடுப்பன் எல்லே, மச்சான்?"

"ஏன், நான் இல்லையோ?"

நீ போனை வாங்கி, "அவன் சொன்னதையே அனுப்புங்கோ" என்றாய்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் எதைக் கேட்டாலும் விலை குறைந்ததாகக் கேட்பது நம் ஆட்களின் பழக்கம். அந்தக் கூச்சமும் எனக்கு இருந்தது. ஆனால் உண்மையான காரணம் வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு வெளியே என்னை எதிர்பார்த்திருக்க ஒருவருமில்லை. அரியாலையிலிருந்து சைக்கிளில் கொழும்புத்துறையில் உன் வீட்டுக்கு வரும்போது, வாசலில் ஒருவன் வழி பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். வைஃபை இருந்திருந்தால் உன் போனிலிருந்த டேட்டாவே போதும், கட்டிலில் கிடந்தபடி வேண்டியதை இறக்கியிருப்பாய். இன்றைக்கு இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதல் சில மாதம் ஒழுங்காகத்தான் வந்தேன். "உந்த அழுகைக் கதையள் வேண்டாம், சண்டை சச்சரவு உள்ளதாப் பாத்து ஏத்து" என்பாய். பிறகு மகளின் கலியாண வேலை வந்தது. ஒரு ஞாயிறு தவறியது, அடுத்ததும் தவறியது, நான்காகிவிட்டது. போன் எடுத்தேன்.

"அவசரமில்லை மச்சான். இருக்கிறதைத் திரும்ப வாசிக்கிறன்," என்றாய்.

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அந்தக் கிழமையே, வெள்ளிக்கிழமை காலை, நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு உன் மனைவி என்னோடு கதைத்தார்.

"ரெண்டு கிழமையா அவர் அதைத் திறக்கவேயில்லை, அண்ணை. எல்லாம் பாடமாப் போச்சாம். மெஷினிலை கிடக்கிற நாலு மணித்தியாலமும் மேலை சுத்துற ஃபேனைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவர். உங்களுக்குச் சொல்லுவம் எண்டு போனை எடுத்தனான். பறிச்சு வைச்சிட்டார். 'சொல்லாதை, அவன் வெக்கப்படுவான்' எண்டார்."

வெட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மச்சான். உன் முகத்துக்கு முன்னால் வந்து நின்று படுவதற்குத்தான் இனி வழியில்லை.